பிணை நின்றவர்

சாய்ந்தமருது
2024 ஜனவரி 14

அன்பு மகன் முபீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் தங்கச்சி பஸ்மினாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். கட்டாரில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று அஸீம் சிரித்தான். சிரிக்கட்டும். அவன் லீவு முடிந்து டோஹாவுக்கு வருகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். சம்மாந்துறை மில்லில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று என் காது போனது உனக்குத் தெரியும். நீ போனில் கதைப்பது எனக்குக் கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் போட வேண்டும். நம் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் இடையில் ஒரு பூனைதான் போகலாம். எனக்குக் கேட்பதற்கு முன் தெருவுக்குக் கேட்டுவிடும். போன வாரம் நீ "பேங்க்" என்று சொன்னதும் உம்மா திரும்பிப் பார்த்தாள். ஆகவே இந்த விஷயம் மட்டும் கடிதத்தில் இருக்கட்டும். பஸ்மினாவின் போனுக்கும் எதையும் அனுப்பாதே.

உன் கியூ.எஸ். கட்டட அளவைப் படிப்புக்கு எடுத்தது அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் என்றுதான் ஊரும் உம்மாவும் இன்றைக்கும் நினைக்கிறார்கள். அது கிடைத்துவிட்டது என்று ஜும்ஆ முடிந்து வந்தவர்களிடமெல்லாம் அவசரப்பட்டுச் சொன்னவன் நான்தான். பட்டியல் வந்தபோது உன் பேர் இல்லை. சொன்ன வாயால் இல்லை என்று சொல்ல முடியாமல், உன் பேரிலும் என் பேரிலும் வங்கியில் வட்டிக்கு எடுத்தோம். தெரிந்தவர், பிணைக்குக் கையொப்பம் வைத்த பக்கத்து வீட்டு மர்சூக் சேர் ஒருவர்தான். படிப்பித்த பிள்ளை என்று உனக்காக வைத்தார்.

வட்டி ஏறிக்கொண்டே போகிறது. தவணைகள் போகவில்லை என்று வங்கி எழுதியிருக்கிறது. நீ அனுப்பிய காசு வேறு ஏதும் கணக்குக்குப் போய்விட்டதா என்று பார். மகன், நான் கேட்பது ஒன்றுதான். என் மூச்சு இருக்கும்போதே இது முடிய வேண்டும். வட்டிக் கடனோடு என்னைக் கபுறில் வைத்துவிடாதே.

துஆவுடன்,
வாப்பா பக்கீர் முகைதீன்


டோஹா
2024 பெப்ரவரி 9

கண்ணியமான வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் அஸீமிடமிருந்து கிடைத்தது. நான் நல்ல சுகம். உங்கள் இளைப்பு எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே.

வங்கியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கம்பனியில் சம்பளம் கொஞ்சம் பிந்துகிறது, அவ்வளவுதான். பெரிய கம்பனிகளில் இது வழக்கம். உலகக் கிண்ணப் போட்டிக்குக் கட்ட வேண்டியதையெல்லாம் கட்டி முடித்துவிட்டார்கள், புதிய வேலைகள் தொடங்குவதற்கு இடையில் இப்படி வரும். வேலை நல்ல வேலை. நாள் முழுக்க நிற்பதால் கால் வீங்குகிறது. கட்டட இடங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டுமல்லவா?

ஒரு சின்ன உதவி. என் பழைய கம்பளி ஜேர்சி அலுமாரியில் இருக்கும். யாராவது வந்தால் கொடுத்து விடுங்கள். காதை மூடும் தொப்பி ஒன்றும் வேண்டும்.

உம்மாவுக்கும் பஸ்மினாவுக்கும் ஸலாம்.

உங்கள் மகன்,
முபீன்


சாய்ந்தமருது
2024 மார்ச் 20

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போகிறது. உம்மா கஞ்சி காய்ச்சும்போது ஒவ்வொரு நாளும் உன் பேரைச் சொல்கிறாள். எனக்கு இளைப்பு ஒன்றும் பெரிதாக இல்லை. பள்ளியில் நாற்காலியில் இருந்து தொழுகிறேன், அது வசதியாக இருக்கிறது என்பதற்காக.

நீ அனுப்பியதை வங்கியில் கொடுத்தேன். அங்கிருந்த பிள்ளை அதை வாங்கிக்கொண்டு, "இது வட்டிக்கே காணாது ஐயா" என்று எழுதிக் காட்டினாள். நல்ல பிள்ளை, என் காதைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுதினாள்.

ஜேர்சியை யாராவது வரும்போது கொடுத்து விடுகிறேன். ஆனால் கட்டார் வெயிலுக்கு எதற்கடா ஜேர்சி? காது மூடும் தொப்பி வேறு! ஒட்டகத்துக்குப் போடவா?

மர்சூக் சேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பாங்கு கேட்காது, கதவைத் தட்டினாலும் கேட்காது என்று அவர் விடியற்காலையில் சுபஹுத் தொழுகைக்குப் போகும்போது என் ஜன்னலுக்குள் டோர்ச் அடிப்பார். நான் லைட்டைப் போடுவேன், இருவரும் சேர்ந்து நடப்போம். இப்போது சில நாட்களாக வெளிச்சம் வருவதில்லை. நோன்பு காலத்தில் எல்லோரும் விழித்துத்தானே இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். அல்லது பெற்றரி முடிந்திருக்கும். நானும் கேட்கவில்லை.

துஆவுடன்,
வாப்பா


டோஹா
2024 மே 3

கண்ணியமான வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிந்தி எழுதுவதை மன்னியுங்கள். பெருநாள் அன்றும் எனக்கு வேலை இருந்தது. ஜேர்சி என்று எழுதியதற்குச் சிரித்திருக்கிறீர்கள். இங்கே ஒபிசில் ஏசியைக் கூட்டி வைப்பார்கள், பனி விழுவது போல் இருக்கும்.

வாப்பா, ஒரு யோசனை. நம் பள்ளியில் ஸகாத் பணத்திலிருந்து கடனாளிகளுக்கும் கொடுக்கிறார்களாம். நீங்கள் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் என்ன? நிலுவையில் பாதியாவது குறையும். எனக்கு இங்கே இப்போதைக்கு வேறு வழி தெரியவில்லை. கொழும்பில் என்னோடு படித்தவர்கள் பலரும் இப்படித்தான் நிற்கிறார்கள். பிரசாந் படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு மாமனாரின் கடையில் இரும்புக் கம்பி விற்கிறான். அவன் கெட்டிக்காரன், கடையாவது இருக்கிறது.

கோபிக்காதீர்கள்.

முபீன்


சாய்ந்தமருது
2024 மே 30

மகன் முபீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோரும் சுகம்.

ஸகாத் கமிட்டியில் என்ன கேட்பார்கள் தெரியுமா? யாரிடம் கடன், எதற்குக் கடன், எவ்வளவு. அதைத் தெருவுக்கு ஒருவராக விசாரிப்பார்கள். நம் தெருவுக்கு விசாரிக்க வருபவர் லுஹருக்கு வந்து போனால், அஸருக்குள் எல்லா அடுப்படியிலும் கதை கொதிக்கும். பக்கீர் முகைதீன் வட்டிக்கு வாங்கி மகனைப் படிப்பித்தான், அதை வட்டியில்லாக் கடன் என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பொய் சொன்னான் என்பார்கள். பஸ்மினாவுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்து நிற்கிறது. கௌரவமான குடும்பம். அந்த வீட்டுக்கு இந்தக் கதை போனால் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு, பிள்ளை இப்படிக் கேட்கும் அளவுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று நினைத்துப் பயம் வந்தது. என்னவென்று நான் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொல்.

டோர்ச் வெளிச்சம் இன்னும் வருவதில்லை. போன வெள்ளி மர்சூக் சேர் வீட்டுக்கு வந்தார். உம்மா தேத்தண்ணி கொடுத்தாள். ஆறவிட்டுக் குடிக்காமலே போய்விட்டார். என்னிடம் ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது.

வாப்பா


சாய்ந்தமருது
2024 ஜூலை 21

அன்புள்ள முபீன்,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் நம்பருக்குப் பல தடவை எடுத்தேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. வேலை நேரமாக இருந்திருக்கும். உன் விலாசத்தை அஸீமின் வீட்டில் வாங்கி இதைத் தபாலில் போடுகிறேன்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான். பெப்ரவரியிலிருந்து உன் கடன் தவணையை வங்கி என் சம்பளக் கணக்கில் பிடிக்கிறது. பிணை என்றால் அதுதானே, கையொப்பம் வைக்கும்போது வாசித்துவிட்டுத்தான் வைத்தேன். இந்த விஷயம் உன் வாப்பாவுக்குத் தெரியாது. சொல்லத்தான் ஒருநாள் போனேன். கதைத்தால் தெருவுக்குக் கேட்கும், எழுதிக் காட்டலாமென்று பேனையையும் எடுத்தேன். அவர் இளைத்து இளைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பேனையைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுபஹுக்கும் தனியாகப் போகிறேன். அது என் குற்றம்.

என் மகள் அம்ஹாவுக்கு ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு நன்றாக வந்தது. கொழும்பில் மருத்துவ ஆய்வுகூடப் படிப்புக்கு இடமும் கிடைத்தது. காசு கட்டும் இடம். கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். "நீங்கள் ஏற்கெனவே ஒரு படிப்புக் கடனுக்குப் பொறுப்பாளி, அது ஒழுங்காகும் வரை உங்களுக்குத் தர முடியாது" என்றார்கள். இடத்தை ஒக்டோபர் வரை வைத்திருப்பார்களாம்.

உன்னால் ஏதும் முடியுமா என்று மட்டும் எழுது. முடியாவிட்டாலும் எழுது. வாப்பாவுக்கு இதை எழுதாதே.

அன்புடன்,
எம். மர்சூக்


டோஹா
2024 ஆகஸ்ட் 16

மதிப்புக்குரிய மர்சூக் சேர் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மடிக்கவும் முடியாமல் அப்படியே வைத்திருந்தேன். வேலை நேரமில்லை சேர். போன் கையில்தான் இருந்தது. உங்கள் பேர் விழுந்தது, எடுக்கத் துணிவு வரவில்லை.

போன வருடமே கம்பனி எங்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டது. இப்போது நான் ஒரு பெரிய கடையின் குளிரறையில் கோழிப் பெட்டி ஏற்றி இறக்குகிறேன். வாப்பா ஜேர்சியைக் கேட்டுச் சிரித்தார், அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். சம்பளத்தில் கட்டில் வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதை வீட்டுக்கு அனுப்புகிறேன். என் வதிவிட அட்டையும் பழைய கம்பனியோடு முடிந்துவிட்டது. ஊருக்கு வந்தால் திரும்பி வர முடியாது, வந்தால் கடனை அடைக்கவும் முடியாது. இங்கே இருந்தாலும் அடைக்கவில்லை என்பது தெரியும்.

என்னால் முடியவில்லை சேர். முடியாவிட்டாலும் எழுது என்றீர்கள், எழுதிவிட்டேன். அம்ஹாவின் இடத்தில் நான் படித்திருக்கிறேன் போல இருக்கிறது.

வாப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் என்னை ஒரு அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மாணவன்,
முபீன்


சாய்ந்தமருது
2024 ஒக்டோபர் 6

என் அருமை மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹி. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்!

கள்ளப் பயலே, எனக்குச் சொல்லாமல் மர்சூக் சேருக்கு அனுப்பினாயா? கொஞ்சநாளாக எனக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தேன், பயப்பட ஒன்றுமில்லை. சேர் பார்க்க வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கடன் என்ன ஆகுமோ என்று அழுதுவிட்டேன். சத்தமாகத்தான் அழுதேன் போல, பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்தான். சேர் மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: "காக்கா, முபீன் அனுப்பிட்டான். எல்லாம் கட்டி முடிஞ்சி. இனி ஒண்டும் யோசிக்காதீங்க." நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் மூக்குக் கண்ணாடியில் பிழையோ என்று துடைத்துவிட்டும் வாசித்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சுபஹுக்கு ஜன்னலில் டோர்ச் வெளிச்சம் விழுந்தது. எழுந்து லைட்டைப் போட்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தை உம்மாவிடம்கூடச் சொல்ல முடியவில்லை, அவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

இனி ஒன்றே ஒன்று. நான் கண்ணை மூடிய பிறகு என்னைப் பள்ளியில் கொண்டுபோய் வைத்து, தொழுவிக்க முன் மௌலவி கேட்பார், இவர் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டுமா என்று. மகன்தான் எழும்பி, வாப்பாவின் கடனுக்கு நான் பொறுப்பு, என்னிடம் வாருங்கள் என்று சொல்ல வேண்டும். நீ தூரத்தில் இருந்தால் போனில் சொல். ஸ்பீக்கரில் போடட்டும். அன்றைக்கு எனக்குத்தான் கேட்காது, ஊருக்குக் கேட்டால் போதும். இனிப் பயமில்லாமல் சொல்லலாம், யாரும் வர மாட்டார்கள்.

அம்ஹா படிக்கப் போகவில்லை போலிருக்கிறது, வீட்டில்தான் நிற்கிறாள். பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பப் பயமாக்கும்.

பெருமையுடன்,
உன் வாப்பா


டோஹா
2024 டிசம்பர் 1

கண்ணியமான வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆஸ்பத்திரியில் இருந்ததை ஏன் எனக்கு உடனே சொல்லவில்லை? மருந்தை ஒழுங்காகக் குடியுங்கள்.

ஓம் வாப்பா, கட்டிவிட்டேன்.

நீங்கள் கேட்ட அந்த வார்த்தையை நான் சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன். ஆனால் அதற்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது, இப்போது எதற்கு அந்தக் கதை?

உங்கள் மகன்,
முபீன்


சாய்ந்தமருது
2025 ஜனவரி 11

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா போனதிலிருந்து உம்மா இத்தாவில், வெளியில் இறங்காமல் இருக்கிறா. சாப்பிடுகிறா. நான் இருக்கிறேன். உங்களுக்கு யார் ஆறுதல் சொல்வார்கள் என்றுதான் யோசனை. நீங்கள் போனை எடுப்பதேயில்லை. வாப்பா உங்களுக்குக் கடிதம் எழுதுவார், அதனால் நானும் எழுதுகிறேன்.

அன்றைக்கு சுபஹுக்கு மர்சூக் சேர் டோர்ச் அடித்திருக்கிறார். லைட் எரியவில்லை. திரும்பவும் அடித்திருக்கிறார். பிறகுதான் கதவைத் தட்டினார், நான் போய்த் திறந்தேன். வாப்பா எழும்பவில்லை. முகம் தூங்குகிற மாதிரித்தான் இருந்தது காக்கா. அண்மையில் வாப்பா நல்ல சந்தோஷமாக இருந்தார், அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

ஜனாஸாத் தொழுகையைப் பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தே பள்ளி ஸ்பீக்கரில் கேட்டோம். மௌலவி, "மௌத்தானவர் ஆருக்கும் கடன் குடுக்க இரிந்தா அவர்ர புள்ளைக்கிட்ட கேளுங்க. மகன் கட்டார்ல, போன்ல இரிக்கார். அவர்ர வாயாலயே சொல்லட்டும்" என்றார். மச்சான் அஸ்பாக் போனை மைக்கில் பிடித்திருந்தாராம். உங்கள் சத்தம் வரும் என்று உம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றா. ஒன்றும் வரவில்லை. "ஹலோ, முபீன், ஹலோ" என்று அஸ்பாக் மச்சான் கூப்பிட்டது கேட்டது. பிறகு யாரோ, "லைன் போயிட்டு" என்றார்கள்.

அப்போதுதான் மர்சூக் சேரின் குரல் கேட்டது. "இவர்ர கடன் ஆருக்கு இரிந்தாலும் எனக்கிட்ட வாங்க. நான் பொறுப்பு." அவ்வளவுதான் சொன்னார். உம்மா அழுதுவிட்டா. சொந்தமுமில்லை, பந்தமுமில்லை, பார்த்தீர்களா? ஒருவரும் கேட்டு வரவில்லை. கடனில்லாமல் போன மனிசன் என்று ஊரே சொல்கிறது. என்னைக் கேட்டு வந்த வீட்டாரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் சம்மதம் சொல்லியனுப்பினார்களாம். வாப்பா இருந்து கேட்டிருக்கக் கூடாதா?

அம்ஹா கல்முனையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குப் போகிறாள். ஏன் படிக்கப் போகவில்லை என்று கேட்டால் சிரிக்கிறாள். இத்தா வீடு என்று மர்சூக் சேர் எங்களுக்கு அரிசியும் கொண்டுவந்து வைத்தார்.

இந்த லைனை நினைத்து மனம் வருந்தாதீர்கள் காக்கா. அது உங்கள் பிழையா?

உங்கள் தங்கச்சி,
பஸ்மினா


டோஹா
2025 பெப்ரவரி 2

மதிப்புக்குரிய மர்சூக் சேர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த மாதமும் உங்கள் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள்.

வாப்பாவிடம் நீங்கள் எழுதிக் காட்டிய பொய்யை நானும் ஓம் என்று எழுதினேன். அவர் கேட்ட வார்த்தையைச் சொல்வதாகச் சத்தியமும் செய்தேன். அன்றைக்குக் குளிரறைக்கு வெளியே வந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியது ஒரு வசனம். அதைச் சொன்னால் முதலில் என்னிடம் வர வேண்டியவர் நீங்கள். அந்த வரிசையில் நீங்கள் நிற்பது எனக்குத் தெரியும். உங்களை வைத்துக்கொண்டு, கடனுக்கு நான் பொறுப்பு, வாருங்கள் என்று எப்படிச் சொல்வேன்? வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

இப்போது தங்கச்சியின் கலியாணமும் அந்தப் பேரில்தான் நிற்கிறது. இனி உண்மையை யாரிடமும் சொல்லவும் முடியாது, உங்களுக்கு ஒரு சதம் திருப்பித் தரவும் முடியவில்லை. இதை எழுதுவதால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் நீங்கள் ஒருவராவது தெரிந்திருக்க வேண்டும்.

லைன் போகவில்லை சேர். அஸ்பாக் மச்சான் கூப்பிட்டதும் கேட்டது, நீங்கள் எழும்பிச் சொன்னதும் கேட்டது. தொழுகைக்குத் தக்பீர் கட்டும் வரைக்கும் நான் லைனில்தான் இருந்தேன்.

முபீன்